இடி சாரின் வயிற்றெரிச்சல்

இடி சார் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் தெரியாத ஆள் கிடையாது. அறிவியல் வாத்தியார். அவர் பாடம் நடத்தினால் மாடி வரைக்கும் கேட்கும். பட்டப்பெயரில் மனுஷனுக்கு உள்ளூரப் பெருமை வேறு. யாராவது சந்தேகம் கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு போடு போடுவார். அதோடு அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது என்று அவரும் நிம்மதியாக இருந்தார்.

இந்த வருஷம் தலைமையாசிரியை புதிதாக ஒரு வேலை வைத்தார். பரீட்சைக்குப் பதிலாக, படித்த பாடத்தை வைத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு சாட்பாட் செய்ய வேண்டும். கேள்வி கேட்டால் அது சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் அவர்களேதான் எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் போடுவது இடி சார்.

கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் உண்டு. வாயே திறக்காததால் அவர்தான் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தார். அவள் செய்த இதய சாட்பாட்டைச் சுற்றி ஒரே கூட்டம்.

"தூங்கும்போது இதயம் ஏன் நிக்கல? கேளுடி!"

"தள்ளுடா, ரத்தம் ஏன் திரும்பி ஓடலன்னு நான் கேக்கணும்!"

அடப்பாவிகளா! இதில் ஒரு கேள்வியாவது அவரிடம் வந்திருக்குமா? பொறாமையில் அவருக்குக் காது சுட்டது.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஒரு டப்பாவைப் பாத்தா இவ்வளவு வயித்தெரிச்சல்?"

"எரியுதுடி! என்கிட்ட எவனாவது வாயத் திறக்கிறானா?"

"நீங்க எங்க திறக்க விட்டீங்க?"

மறுநாள் மதிப்பெண் போட உட்கார்ந்தார். எப்படியாவது அதை மடக்கிவிட வேண்டும் என்று வால்வு, ரத்தக்குழாய் என்று குடைந்து குடைந்து கேட்டார். அசராமல் பதில் சொன்னது சனியன். அந்தப் பெண் பக்கத்தில் நகத்தைக் கடித்தபடி நின்றாள். கடைசியில் ஆத்திரம் தாங்காமல், 'இதையெல்லாம் இடி சாரிடம் கேட்கலாமா?' என்று தட்டினார்.

திரையில் பதில் வந்தது: 'வேண்டாம், திட்டுவார். எத்தனை தடவை வேணும்னாலும் என்கிட்டயே கேளு. நான் சிரிக்க மாட்டேன்.'

இடி சார் அதை இரண்டு தடவை படித்தார்.

"இத எழுதினது யாரு?"

"நான்தான் சார்." அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் மதிப்பெண் தாளை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார். அவள் மெல்லக் கேட்டாள்:

"மார்க்க குறைச்சிடுவீங்களா சார்?"

அவரிடம் அவள் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.