காரணச் சீட்டு

என் அக்கா வீட்டுக்காரரைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'காரணம்' என்றால்தான் தெரியும். மடிக்கணினி பழுது பார்க்கிறவர். இருபது வருடமாக ஒரே கடை, ஒரே மேசை, கீறல் விழுந்த ஒரே பூதக்கண்ணாடி. அதே கடையில் முன்னால் உட்கார்ந்து மெஷின் வாங்குவதும் கொடுப்பதும் வசவு கேட்பதும் என் வேலை. எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். மாமாவுக்குக் கோபமே வராது. அப்படிப்பட்ட ஆளோடு பன்னிரண்டு வருடம் வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

பெயர் வந்த கதை இதுதான். சரிசெய்த ஒவ்வொரு மெஷினோடும் கைப்பட ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். பழுது என்ன என்று மட்டுமல்ல, ஏன் வந்தது என்றும் அதில் இருக்கும். 'காரணம்: மெத்தைமேல் வைத்தே ஓட்டியது.' 'காரணம்: பூனை.' 'காரணம்: மெஷினில் குறையில்லை, சுவர் ஸ்விட்ச் போடவில்லை.' இந்தக் கடைசிச் சீட்டை வாங்கிய வக்கீல் மறுபடி எங்கள் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"பழுது பாத்தா மட்டும் போதாது மாப்ள. காரணம் தெரியலைன்னா அதே மெஷின் அடுத்த மாசம் திரும்ப வரும்" என்பார்.

"வரட்டுமே! நமக்குத்தான பொழப்பு?" என்பேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஒருமுறை ஒரு வங்கி மேலாளர் சார்ஜ் ஏறாத மெஷினைக் கொண்டுவந்து, எல்லாம் தன் மனைவி வயரை வெடுக்கென்று இழுத்ததால் வந்த வினை என்று பொரிந்து தள்ளினார். மாமா வளைந்திருந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'காரணம்: இழுத்தவர் இடது கைக்காரர்' என்று எழுதிக் கொடுத்தார். மேலாளர் இடது கையால்தான் அதை வாங்கினார். அவர் மனைவி அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

இனி அக்கா. கல்யாணத்துக்கு முன் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். அவள் விரல் வேகத்துக்கு அந்த அலுவலகத்தில் ஆள் கிடையாது. கல்யாணம், பிள்ளை, மாமியார் என்று பதினெட்டு வருடம் ஓடிப்போனது. மாமியார் போய்ச் சேர்ந்தார், பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கப் போனான். அதன் பிறகு அக்கா ஒரு பயிற்சியில் சேர்ந்தாள். கூட்டங்களில் பேசுவதைப் பேசப் பேசவே தட்டித் திரையில் காட்டுகிற வேலை. காது கேளாதவர்கள் அதைப் படித்துப் புரிந்துகொள்வார்கள். பயிற்சி முடிந்து ஓர் இடத்திலிருந்து தேர்வுக்கு அழைப்பு வந்தது. வேலை பார்க்கும் இடம் ரயிலில் எட்டு மணி நேரத் தூரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு.

"போ, எழுதிப் பாரு" என்றார் மாமா.

தேர்வு எங்கள் ஊரிலேயே, மூன்று மணி நேரம். சொந்த மடிக்கணினி கொண்டுவர வேண்டும், மேசைகளில் பிளக் கிடையாது, சார்ஜ் முழுதாக ஏற்றி வரவும் என்று அழைப்பிலேயே போட்டிருந்தார்கள். தேர்வுக்கு நான்கு நாள் இருக்கையில் அக்காவின் மெஷின் சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொண்டது. வயர் செருகியிருக்கும்வரை ஓடும். பிடுங்கினால் உயிர் போய்விடும். சார்ஜரோடு கடையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பேட்டரி போச்சு. புதுசு சொல்லியிருக்கேன், வந்துரும்" என்றார் மாமா. மெஷினை மேல்தட்டில் வைத்தார்.

மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. எனக்கு உறுத்தியது. கடையில் பேட்டரிக்குப் போன் போடுகிறவன் நான். நான் போடவில்லை.

தேர்வுக்கு முந்தைய நாள் மதியம் மாமா உதிரிபாகம் வாங்கக் கிளம்பியதும் மெஷினை இறக்கினேன். வேறு பிளக்கில் செருகிப் பார்த்தேன், ஏறவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், ஏறவில்லை. கடையில் கிடந்த வேறொரு சார்ஜரைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. நான்கு, ஐந்து, ஆறு சதவீதம் என்று ஏறியது. அப்படியென்றால் பேட்டரி கல்லுமாதிரி இருக்கிறது. கோளாறு அக்காவின் சார்ஜரில். அதன் முனைக்குள் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று உண்டு. 'நான் உன் சார்ஜர்தான்' என்று மெஷினுக்குச் சொல்வது அந்த ஊசி. அது சொல்லாவிட்டால் மெஷின் ஓடும், பேட்டரி ஏறாது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஊசிமேல் கண்ணாடிபோல ஏதோ பளபளத்தது. நகத்தால் சுரண்டினேன், சீவலாக உரிந்து வந்தது. வார்னிஷ். கம்பிகளில் மின்சாரம் தாவாமலிருக்க மாமா பூசுகிற வார்னிஷ், மேசையில் இடதுபக்க டப்பா.

அந்த நேரம் பார்த்து அக்கா கடைக்குள் வந்தாள்.

"பேட்டரி வந்துருச்சாடா?"

மறைக்க எனக்குத் துப்பு கிடையாது. ஊசியைக் காட்டினேன், உரிந்த சீவலைக் காட்டினேன். அவளும் இந்தக் கடையோடு வாழ்ந்தவள்தானே. இரண்டாம் முறை கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மாமா பையோடு வந்தார். பச்சை விளக்கைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவே இல்லை.

"எல்லாருக்கும் சீட்டு எழுதிக் குடுப்பீங்களே. எனக்கும் குடுங்க" என்றாள் அக்கா.

"விடு, நான் சொல்றதைக் கேளு..."

"எழுதுங்க."

உட்கார்ந்து எழுதினார். 'சார்ஜர் நடு ஊசியில் வார்னிஷ். பூசியவர் கணவர்.' அக்கா படித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"எப்படின்னு எழுதியிருக்கீங்க. ஏன்னு எழுதலையே?"

மாமா பேனா மூடியைக் கழற்றினார், போட்டார், கழற்றினார். கடைசியில் எழுதியது மூன்றே சொல்: 'காரணம்: தனியாக இருக்கப் பயம்.'

எனக்கு அந்த மனுஷன்மேல் பாவமாக இருந்தது. பாவம் பார்க்கிறேனே என்று என்மேலேயே எரிச்சலும் வந்தது.

அக்கா சீட்டை நான்காக மடித்தாள். "வார்னிஷ் காய எவ்வளவு நேரம் ஆகுங்க?"

"ஒரு மணி நேரம்."

"காயற வரைக்கும் பக்கத்துலயேதான் இருந்தீங்களா?"

மாமா ஆமென்று தலையை ஆட்டினார்.

"அந்த ஒரு மணி நேரத்துல துடைக்கணும்னு தோணலையா?"

மாமா பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். நூறு சதவீதம் காட்டும்வரை அக்கா அந்த ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. மெஷினையும் தன் சார்ஜரையும் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் தேர்வு எழுதினாள், தேறினாள், அடுத்த மாதமே வேலைக்குப் போய்விட்டாள்.

சண்டை கிண்டை ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறாள், சமைக்கிறாள், சிரித்துப் பேசுகிறாள், பையனுக்குப் போன் போட்டு இருவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். சார்ஜர் மட்டும் கைப்பையைவிட்டு வெளியே வருவதில்லை.

போன வாரம் மெஷினில் விசை ஒன்று அமுங்காமல் போய்விட்டதாம். அங்கேயே ஒரு கடையில் கொடுத்து வாங்கிவிட்டாள். போனில் என்னிடம் சொன்னாள். நான் மாமாவிடம் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"என்ன காரணம்னு சொன்னாங்களாம்?"

"சொல்லலையாம் மாமா. சரி பண்ணிக் குடுத்துட்டாங்களாம்."

"அவ கேக்கலையா?"

"கேக்கலையாம்."