தொட்டாச்சிணுங்கிக்கு லத்தீன் பேர்

மலாய் நாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்குப் பட்டப்பேர் விழுந்தால் அது சுடுகாடு வரை கூடவே வரும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? என் மனைவிக்கு விழுந்த பேர் தொட்டாச்சிணுங்கி.

அவள் களைமருந்து அடிப்பவள். கையுறை கிழிந்து, மருந்து உள்ளே வடிந்து, முழங்கை வரை கொப்புளம். கொழுந்து பறிக்க மாற்றிவிடச் சொல்லி, காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது கங்காணியிடம் கேட்டாள்.

"என்ன தாயி, சொட்டு மருந்து பட்டதும் சுருங்குற? தொட்டாச்சிணுங்கி லா நீ! எல்லாம் நடிப்பு."

சனம் சிரித்தது. அன்றைக்கே ஆட்களை ஏற்றிப்போகும் லோரியில், "தள்ளி உக்காருங்கடி, பட்டா இலை மூடிக்கும்!" என்று ஒருத்தி கத்தினாளாம். கங்காணி வேலையை மாற்றவில்லை. பேரை மட்டும் மாற்றிவிட்டார்.

எனக்கு ஆறவில்லை. அந்தச் செடி எங்கள் லயத்துப் பாதையோரம் முள்ளும் ஊதாப்பூவுமாகப் படர்ந்து கிடக்கிறது. தமிழன் அதைச் சிணுங்குகிறது என்றான். மலாய்க்காரர் செமாலு என்பார்கள். மாலு என்றால் வெட்கம். படித்தவன் வைத்த லத்தீன் பேராவது மரியாதையாக இருக்கும் என்று கைப்பேசியில் தேடினேன். மிமோசா பூடிகா. கேட்க ராணி பேர் மாதிரி இருந்தது. பொருளைப் பார்த்தேன். பூடிகா என்றால் நாணமுள்ளவள். மிமோசா, கூத்தில் பிறரைப் போல நடித்துக் காட்டுகிறவனைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம்.

அடுப்படியில் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். சொல்லாமல் வைத்திருக்க மனம் வரவில்லை.

"ஏங்க, அந்தப் பாஷையிலயும் நடிப்புன்னுதான் இருக்கா?"

"ஆமா."

"தொட்டா அதுக்கு வலிக்கும்னு எவனாச்சும் பேர் வச்சிருக்கானா?"

"நான் பார்த்தவரைக்கும் இல்ல."

"அப்ப கங்காணியச் சொல்லி என்ன பண்ண? அவருக்கு முன்னாடியே பெரிய பெரிய ஆளுங்க சொல்லிட்டாங்க," என்று எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

மறுநாள் பெரட்டில் கங்காணியே கேட்டார்: "என்னா, கை எப்படி?"

"நல்லாயிருச்சு கங்காணி."

சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மருந்துத் தொட்டியை முதுகில் ஏற்றினாள். தூக்கிவிடப் போன என்னைத் தொடவிடவில்லை.