மூட்டைக்குள் ஒளித்த புத்தகங்கள்

2003-ம் வருடம். ராயபுரம் கல்மண்டபம் பக்கம், இறக்குமதிச் சரக்குகளை எடுத்துத் தரும் ஏஜென்ட் ஒருவரின் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பிறந்து வளர்ந்ததெல்லாம் புளியந்தோப்பு. நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்த குடும்பத்துப் பெண். அவருடைய மெட்ராஸ் பாஷையைக் கேட்டாலே என் பிறந்த வீட்டில் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

அந்த வாரம் மகளின் எல்.கே.ஜி. அட்மிஷனுக்காக எங்கள் இருவருக்கும் இன்டர்வியூ. "அங்க நீங்க வாயத் தொறக்காதீங்க, எல்லாம் நான் பேசிக்கிடுதேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டினார்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் நான் டைப் அடித்த பேப்பரில் கிளைபேடா என்றொரு துறைமுகம். எந்த நாடோ! சாயங்காலம் துபாயிலிருக்கும் தம்பிக்கு மெயில் அனுப்ப டோல்கேட் பிரவுசிங் சென்டருக்குப் போனவள், நேரம் மிச்சமிருக்கவே சும்மா அந்தப் பெயரைத் தட்டினேன். லிதுவேனியா என்று வந்தது. அப்புறம் எழுந்திருக்க மனமே இல்லை.

நூறு வருஷத்துக்கு முன்னால், ரஷ்யச் சக்கரவர்த்தி ஆட்சியில், லிதுவேனியா ஜனங்களின் மொழியை அவர்களுடைய எழுத்தில் அச்சடிக்கத் தடையாம். நாற்பது வருஷம்! பக்கத்து நாட்டில் அச்சடித்த புத்தகங்களைச் சாதாரணக் குடியானவர்கள் மூட்டைக்குள் ஒளித்து, பனியில் எல்லை தாண்டிச் சுமந்திருக்கிறார்கள். மாட்டினால் துப்பாக்கிக் குண்டு, இல்லாவிட்டால் சைபீரியா. வீட்டில் அம்மாக்கள் ராட்டையில் நூற்றுக்கொண்டே பிள்ளைகளுக்கு அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்களாம். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. என்ன ஜனங்கள்!

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கை அப்படியே நிற்கக் கேட்டார்.

"கெத்தான ஆளுங்கம்மே! வூட்ல பேசறத வுட்டுத்தரக் கூடாதுன்னு உசுரையே குடுத்துகீறாங்க" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்தபடியே, "நாளிக்கு நான் பேசக் கூடாதுல்ல? ஞாபகம் கீது, நீ பயப்படாத" என்றார்.

அவர் குரலில் குத்தல் துளிகூட இல்லை. நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் பிரின்சிபால், "குழந்தைக்கு வீட்டில் யார் கதை சொல்வீங்க?" என்று கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"நான்தான் மேடம். டூட்டி முட்ச்சி வந்தா, கப்பல் கதை சொல்லிகினே இருப்பேன். அது கேட்டுகினே தூங்கிடும்."

பிரின்சிபால் முகம் மலர்ந்து, "என்ன கப்பல் கதை?" என்று கேட்க, இவர் ஆரம்பித்துவிட்டார்! சீட்டும் கிடைத்தது.

கண்காணாத தேசத்து மனிதர்களை ஒரே மணி நேரத்தில் கையெடுத்துக் கும்பிட்டவள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரை மதிக்க ஐந்து வருஷம் எடுத்துக்கொண்டேனே என்ற வெட்கம் இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை.