இடது கையில் எடுத்த பிரஷர்

ஆசீர்வாதத்துக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. வள்ளூரில் அவர் குடியிருக்கும் தெருவிலேயே பிசாசு ஓட்டுகிற ஜெபக்கூடம் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் அவர் தலை வைத்துக்கூடப் படுத்ததில்லை. ஆனாலும் கம்பெனியின் முதலுதவி அறையில் ஜன்னலோரம் கிடக்கும் பச்சை நாற்காலியில் அவர் மூன்று வருடமாக உட்கார்ந்ததில்லை. கேட்டால், கால் ஆடுகிறது என்பார். ஆடுவது நாற்காலியின் காலா அவருடைய காலா என்று யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு வேண்டிய ஒயர்களை வெட்டிக் கட்டிக் கொடுக்கிற கம்பெனி அது. நானூற்றுச் சொச்சம் பெண்கள். அவர்களுடைய வெட்டுக்காயம், தலைவலி, வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டிய நாட்களில் வருகிற வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் ஆசீர்வாதம். அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். ஆசீர்வாதம் அதே நிலத்தின் மேல் எழும்பிய இரும்பு ஆலையில் ஒன்பது வருடம் நின்றார். பழுக்கக் காய்ந்த கம்பி ஒருநாள் தடம் மாறி ஓடி வந்து அவர் கெண்டைக்காலைத் தொட்டுவிட்டுப் போனது. அதன் பிறகுதான் ஊசி போடவும் கட்டுப் போடவும் ஒரு வருடச் சான்றிதழ் படிப்புப் படித்து வெள்ளைச் சட்டைக்கு மாறினார்.

வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் உடல் பரிசோதனை. ஒரே நாளில் முடிய வேண்டும், உற்பத்தி லைன் நிற்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றாக நடக்காது என்று எல்லோரும் கைவிரித்த காலத்தில் ஆசீர்வாதம் ஒரு வழி கண்டுபிடித்தார். பெண் வந்து உட்காருவாள். அவள் வலது கை பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடும். அதே நேரத்தில் இடது கையில் பிரஷர் பட்டை இறுகும். பேனாவைக் கீழே வைக்கும்போது மெஷினில் எண் வந்திருக்கும். ஆளுக்கு ஒரு நிமிடம் மிச்சம். மனிதவள அதிகாரி அன்புசெல்வன் பூரித்துப்போய் ஆயுதபூஜை அன்று அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். ஆசீர்வாதம் வாழ்க்கையில் வாங்கிய ஒரே பரிசு. அது பச்சை நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டப்பட்டது.

அந்த நாற்காலியில்தான் ரோஜா உட்காருவாள்.

இருபத்து நான்கு வயது. தலைவலி என்று வருவாள். தலை வாரும்போது இடது கை சோர்ந்துவிடுகிறது என்பாள். கடைசியாக வந்தபோது, "காதுல விசிலு அடிச்சிக்கினே இருக்குதுண்ணே, ராத்திரி படுத்தா தூங்க உடமாட்டேன்து" என்றாள். ஆசீர்வாதத்துக்கு அன்று நல்ல மனநிலை. "எவனோ ரோட்டுல நின்னு உன்னப் பாத்து அடிக்கறாம்மா" என்றார். அவள் சிரித்தாள். காய்ச்சல் மாத்திரை ஒன்றை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே போனாள்.

பதினொரு நாள் கழித்து, வேலைக்கு வரும் பஸ்ஸில், கவரைப்பேட்டை தாண்டியதும் பக்கத்து சீட்டுப் பெண்ணின் மேல் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள்தான் இருந்தாள். விசாரணை வந்தபோது ஆசீர்வாதத்தின் பதிவேட்டைத்தான் முதலில் கேட்டார்கள். மூன்று வருடம், மூன்று வரி. 110/70. 108/70. 112/72. பக்கத்தில் அவளுடைய உருண்டையான கையெழுத்து. எல்லோருக்கும் திருப்தி. காகிதத்தில் ரோஜா பூரண ஆரோக்கியத்தோடு செத்துப்போயிருந்தாள்.

பெண்கள் அந்த நாற்காலியில் உட்காருவதை விட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அது தானாகக் கிறீச்சிடுகிறது என்று ஒருத்தி சொன்னாள். ஆசீர்வாதம் அவளைத் திட்டினார். அவருடைய தொல்லை நாற்காலி இல்லை. அவருக்கு விசில்தான் கேட்டது. கம்பெனியில் காற்றுக் குழாய் எங்காவது கசிந்தால் மெல்லிய சீழ்க்கை ஒன்று எழும். உடனே தலையைத் திருப்பிப் பச்சை நாற்காலியைப் பார்ப்பார். மூன்று எண்களும் ஒழுங்காக இருந்தபோது தான் என்ன செய்திருக்க முடியும்? இந்தக் கேள்விக்குப் பதில், ஒன்றும் செய்திருக்க முடியாது என்பதுதான். அந்தப் பதில் அவருக்கு உதவவே இல்லை.

இந்த வருடம் பரிசோதனை நாளில் கல்பனா வந்தாள். பொதட்டூர்பேட்டைப் பெண், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம், விடுதியில் தங்கியிருந்தாள். நாற்காலியின் கதை தெரியாது; மற்றதெல்லாம் நிரம்பியிருக்க இது ஒன்று ஏன் காலி என்று யோசிக்காமல் போய் உட்கார்ந்தாள். வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஆசீர்வாதம் பட்டையை எடுத்துக்கொண்டு இடது பக்கம் போனார்.

"அதுல மாட்டாதண்ணே. நான் பீச்சாங்கைக்காரி. இந்தக் கையிலதான் எழுதுவேன்."

"பிரஷர் எடுக்கற அன்னிக்கா சொல்லுவ? சரி, அந்தக் கையக் குடு."

வலது கையில் பட்டை இறுகியது. அவள் இடது கையால் எழுதினாள். மெஷின் 192/114 என்றது.

ஆசீர்வாதம் மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "பேஜாரு புடிச்ச மிஷினு." தன் கையில் போட்டுப் பார்த்தார், 134/84. மறுபடி அவளுக்குப் போட்டார், 190/112.

"எழுதி முடிச்சிட்ட இல்ல? இப்ப பீச்சாங்கையக் குடு."

இடது கையில் மெஷின் முதலில் 'எரர்' என்றது. இன்னொரு முறை எரர். மூன்றாவது முறை 102/68. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அந்த நிம்மதியைப் பின்னால் நினைக்கவே கூசினார். 102/68 என்று எழுதி, "போம்மா, அடுத்த ஆளு" என்றார்.

அடுத்த ஆள் உட்கார்ந்தாள். அவள் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது தன் குரலே அவருக்கு நினைவில் கேட்டது. "மிஷினுக்கே உம்மேல கோவம் ரோஜா, எரர்னு காட்டுது பாரு." ஒவ்வொரு வருடமும் ரோஜாவுக்கு அப்படித்தான். இரண்டு மூன்று முறை எரர், பிறகு ஒரு நல்ல எண். நல்ல எண் வரும்வரை அழுத்துவதைப் பொறுமை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

பட்டையை அப்படியே விட்டுவிட்டு லைனுக்கு ஓடினார். கல்பனாவின் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்தார். வலதில் நாடி கதவைத் தட்டுகிற மாதிரி அடித்தது. இடதில் வீட்டில் ஆளே இல்லை.

"இன்னாண்ணே, எல்லாரும் பாக்கறாங்க, கையப் புடிச்சிக்கினு நிக்கறியே?"

"தலைவலி இருக்குதா உனக்கு?"

"நாலு மாசமா. இங்கத்தி புகைன்னு நெனச்சேன்."

மறுநாள் அவரே அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். டாக்டர் இரு கையிலும் பார்த்துவிட்டு, மாத்திரை கொடுத்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களுக்கு டாப்ளர் ஸ்கேன் எழுதினார். திருவள்ளூரில் ஸ்கேன் சென்டர். ஐம்பத்தோரு வயது ஆணும் கழுத்தில் தாலி இல்லாத இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் சேர்ந்து வயிற்று ஸ்கேனுக்கு வந்து நின்றால் ஊர் எதை நினைக்குமோ அதையே முன்மேஜையில் சீட்டு வாங்க உட்கார்ந்திருந்த பெண்ணும் நினைத்தாள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற பலகையின் கீழிருந்து, "எத்தினி மாசம்?" என்றாள்.

"நாலு மாசம்" என்றாள் கல்பனா, தலைவலியை நினைத்துக்கொண்டு.

ஆசீர்வாதம் சீட்டை நீட்டிப் புரியவைப்பதற்குள் வியர்த்துவிட்டது.

உள்ளே டாக்டர் புவனேஸ்வரி வயிற்றில் கருவியை வைத்து இப்படியும் அப்படியும் அழுத்தினார். திரையில் வெறும் புகைமூட்டம்.

"காலைல என்ன சாப்பிட்ட?"

"பூரி, பட்டாணி மசால். அப்புறம் ரெண்டு பாட்டில் தண்ணி. நல்லா நாஷ்டா துன்னுட்டு, தண்ணி குடிச்சி அடக்கிக்கினு வரணும்னு அண்ணன்தான் சொல்லிச்சு."

"அது வேற ஸ்கேன் சார்" என்றார் டாக்டர் ஆசீர்வாதத்திடம். "ரத்தக்குழாய் குடலுக்குப் பின்னாடி, ரொம்ப ஆழத்துல இருக்கு. முன்னாடி இவ்வளவு காத்து நின்னா நான் எதைப் பாக்கறது? நாளைக்கு வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க."

தெரிந்ததைச் சொல்லிக் கெடுப்பதில் ஆசீர்வாதம் கைராசிக்காரர். அன்று முழுவதும் அந்த ஒரு நாள் தாமதத்தை ரோஜாவின் பதினொரு நாளோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் திரை தெளிந்தது. சாம்பல் நிறத்துக்குள் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடுவது தெரிந்தது. டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். அறையில் சத்தம் வந்தது. வயிற்றுக்குள் போகும் பெரிய குழாயில் தும்தும் என்று தடித்த சத்தம். வலது சிறுநீரகத்துக்குப் போகும் கிளையில் அதே சத்தம் சற்று மென்மையாக, துணி துவைப்பது போல. பிறகு கல்பனாவை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, கருவியை நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

விசில்.

டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆசீர்வாதம் பழக்கத்தில் தலையைத் திருப்பினார். கசியும் காற்றுக் குழாயின் சீழ்க்கை. மூன்று வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்ததேதான். ஆனால் இந்தத் தடவை அறையிலிருந்த மூன்று பேருக்கும் கேட்டது.

"மத்த இடத்துல நொடிக்கு நூறு சென்டிமீட்டர் வேகத்துல போற ரத்தம் இங்க முந்நூத்தி நாப்பதுல போகுது" என்றார் டாக்டர். "வழி குறுகினா வேகம் ஏறும். இடது கிட்னிக்குப் போற குழாய் நல்லாவே சுருங்கியிருக்கு."

கருவியைக் கல்பனாவின் கழுத்திலும், தோளுக்குக் கீழும் வைத்துப் பார்த்தார். குழாயின் சுவர் தடித்து வீங்கியிருந்தது.

"இந்த நோயில உடம்பே தன் ரத்தக்குழாயை எதிரின்னு நினைச்சு அடிக்கும். இளம் பொண்ணுங்களுக்குத்தான் அதிகமா வரும். கிட்னிக்கு ரத்தம் கம்மியா வந்தா அது ஊர்லயே தண்ணி இல்லன்னு முடிவு பண்ணிடும். பிரஷரை ஏத்து, ஏத்துன்னு கத்தும். ஊரு பூரா வெள்ளம். இந்த இடது கைத் தெருவுல மட்டும் குழாய் அடைச்சிருக்கு. இங்க மீட்டர் வச்சா கம்மியாத்தான் காட்டும்."

"அப்ப நான் செத்துடுவனா மேடம்?" என்றாள் கல்பனா.

"மாத்திரை இருக்கு. வீக்கம் அடங்கினதும் பலூன் வச்சு குழாயைத் திறக்கலாம். நேரத்துக்கு வந்துட்டம்மா." ஆசீர்வாதத்தின் பக்கம் திரும்பினார். "ரெண்டு கையிலயும் பாக்கணும்னு தோணிச்சே உங்களுக்கு! பெரிய ஆஸ்பத்திரியிலயே பாதிப் பேர் பாக்கறதில்ல. உங்களை மாதிரி ஆளு கம்பெனிக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்."

வாழ்க்கையில் இரண்டாவது பரிசு. பேசாமல் தலையாட்டி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

"தோணல டாக்டர்" என்றார் ஆசீர்வாதம். "அவ பீச்சாங்கையில எழுதறவ. அதனால பட்டை மாறிப்போச்சு. வந்த நம்பரையும் நான் எழுதல, கம்மியா இருக்கறதத்தான் எழுதினேன்." பிறகு ரோஜாவைப் பற்றிச் சொன்னார். எரர், சோர்ந்த கை, காதில் விசில், தான் அடித்த ஜோக் எல்லாவற்றையும் சொன்னார். கல்பனா படுத்தபடியே அவரைப் பார்த்தாள். "அவளுக்கும் இதுதானா டாக்டர்?"

டாக்டர் கருவியைத் துடைத்தார்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். செத்தவங்களுக்கு ஸ்கேன் பண்ண முடியாது. மத்தவங்களுக்கு எந்தக் கையில பாத்தீங்க?"

"எல்லாருக்கும் இடதுதான்."

"அப்ப இங்க நின்னு என்னை ஏன் கேக்கறீங்க?"

எல்லோருக்கும் மறுபடி எடுக்க அன்புசெல்வன் ஒப்புக்கொள்ளவில்லை. ரெண்டு கைன்னா ரெண்டு மடங்கு நேரம், லைன் என்னாவது, முடிந்த பரிசோதனையை எதற்குத் தோண்டுகிறீர்கள் என்றார். பழைய விஷயம் எதுவும் வெளியே போகக் கூடாது என்பதைச் சொல்லாமல் சொன்னார். ஆசீர்வாதம் முதலுதவி அறைக்குப் போய் ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தார்.

"இன்னாய்யா இது?"

"நீங்க குடுத்ததுதான் சார். நேரத்த நீங்களே பாத்துக்குங்க. நான் கைய பாக்கறேன்."

சாப்பாட்டு இடைவேளை, டீ இடைவேளை, பஸ் வரும் வரைக்கும் கிடைத்த நிமிடங்கள் என்று பத்தொன்பது நாளில் நானூற்றுச் சொச்சம் பேருக்கும் இரண்டு கையிலும் எடுத்தார். இரண்டு கைக்கும் நடுவே பெரிய வித்தியாசம் கல்பனாவைத் தவிர ஒருத்திக்கும் இல்லை. சர்ச்சில் சாட்சி சொல்ல வேண்டிய செய்தி. ஆசீர்வாதத்துக்குத்தான் அது வேறு மாதிரி கணக்கானது: அவர் கண்டுபிடித்த வழி ஆபத்தில்லாத வழிதான்; அதில் தவறிப்போயிருந்தால், தவறியது ரோஜா ஒருத்திதான்.

மாத்திரையில் முகம் உப்பிய கல்பனா வேலைக்குத் திரும்பினாள். பலூன் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. இடைவேளையில் வந்து ஆசீர்வாதத்தின் நாற்காலியில் உரிமையோடு உட்கார்ந்து வலது கையை நீட்டினாள்.

"நீ எங்க உக்காருவண்ணே?"

வேறு இடமில்லை. பழைய பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவர் ஜன்னலோரம் போய்ப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆடத்தான் செய்தது. மூன்று வருடமாக அவர் சொன்ன சாக்கு உண்மையாகவே இருந்தது.

ரோஜாவின் பக்கத்தைத் திருப்பினார். எண்களை அடிக்கவில்லை, அவை பொய்யில்லை. 110/70க்குப் பக்கத்தில் 'இடது' என்று எழுதினார். அடுத்த வருடத்துக்கும் 'இடது'. அதற்கடுத்த வருடத்துக்கும். கீழே தேதி போட்டு, தன் பெயரை முழுசாக எழுதினார்.

லைனில் எங்கோ ஒரு காற்றுக் குழாய் கசிந்து சீழ்க்கை அடிக்க ஆரம்பித்தது.

"கேக்குதாம்மா உனக்கு?" என்றார்.

"எதுண்ணே?" என்றாள் கல்பனா.