ஓர் ஆள் இடம்

அந்த வெளிநாட்டு அருங்காட்சியகத்தில், காதில் வைத்துக் கேட்கும் விளக்கக் கருவி கொடுக்கும் சன்னலில் தையல்காரம்மா இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே இருந்த பெண் ஒரே ஒரு கருவியைத்தான் நீட்டினாள். இவர் விரலை மடக்கவில்லை. “அவருக்கு ஒண்ணு வேணும்ல?” என்று தமிழிலேயே கேட்டார். தையல்காரம்மாவின் வலப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் இன்னொன்றையும் கொடுத்தாள்.

எங்கள் சுற்றுலாக் குழுவில் அவருக்கு ‘ரெண்டு டிக்கெட்’ என்று பெயர். கணவர் இறந்து அரை வருடம்கூட ஆகவில்லை. அவருக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்ய மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர். விமானத்தில் பக்கத்துக் காலி இருக்கைக்கும் பெல்ட் மாட்டிவிட்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

மற்றபடி படு கெட்டிக்காரர். ரவிக்கை தைப்பது தொழில். யாரைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளவெடுத்துவிடுவார். “உங்க சட்டைக்குத் தோள் இறங்கிப் போச்சு. யாரோடயோ சண்டை போட்டுட்டு வந்து தைச்சிருக்கான்” என்றார் என்னிடம். உள்ளே துணி விடாமல் தைப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “கொஞ்சம் இடம் விட்டுத் தைக்கணுங்க. நாளைக்கு ஆளு பெருத்தா எங்க போறது?” என்பார். கைப்பை எப்போதும் இடது தோளில்தான். வலப்பக்கம் கணவர் நடப்பாராம்.

கணவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் ஓவியம் ஒன்றை நாள்காட்டிக்காக அச்சடித்த நாளிலிருந்து, அசலைப் பார்த்தே தீரவேண்டும் என்று பித்துப் பிடித்து அலைந்திருக்கிறார். அது இங்கேதான் இருந்தது.

“வீட்டை விட்டுப் போக மாட்டேங்கறாருங்க” என்றார் தையல்காரம்மா, வரிசையில் நகர்ந்துகொண்டே. “நான் மெஷின் மிதிச்சா பக்கத்து நாற்காலி முனகுது. பொண்ணு தன்னோட வந்து இருன்னு கூப்பிடறா. இவரைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? இந்தப் படத்தைப் பாத்துட்டா மனுஷன் இங்கயே இருந்துக்குவாரு. விட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.”

ஓவியம் இருந்த கூடத்தில் எள் போட்டால் கீழே விழாது. யாருடைய முழங்கையோ என் விலாவில் இடித்தது. ஆனால் தையல்காரம்மாவின் வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. தோளில் குழந்தையைச் சுமந்துகொண்டு நேராக அதை நோக்கி வந்த ஒருவர் சட்டென்று நின்றார். காற்றைப் பார்த்து ஏதோ மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். நான் போய் நிற்கலாமா என்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பயந்துவிட்டேன்.

தையல்காரம்மா இரண்டாவது கருவியைத் தன் தலைக்கு மேல், உயரமான ஒருவரின் காது இருக்குமிடத்தில் பிடித்திருந்தார்.

“முடிஞ்சுதா?” என்றேன்.

“எனக்கு முடிஞ்சுது. அவருக்கு இன்னும் முடியல. எதையும் முழுசா கேட்டுட்டுதான் நகருவாரு.”

கொஞ்ச நேரம் கழித்துக் கையை இறக்கி, வலப்பக்கம் திரும்பினார். “நல்லா பாத்துக்கிட்டு இருங்க. நான் போறேன்” என்றார். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. கைப்பையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். காலி இடத்தில் இப்போது ஆட்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாடா என்றிருந்தது.

வெளிவாசலில் சுழல்கதவு. கண்ணாடித் தடுப்புகளுக்கு நடுவே ஆளுக்கோர் இடமாக நுழைந்து வெளியேறிக்கொண்டிருந்தார்கள். தையல்காரம்மா நுழைந்தார். அடுத்து நின்ற இளைஞன் காலெடுத்து வைக்கப் போய், சட்டென்று பின்வாங்கி, யாருக்கோ வழிவிட்டான். அந்த இடம் காலியாகச் சுற்றி வெளியே போனது.

கண்ணாடி வழியே பார்த்தேன். படிக்கட்டில் தையல்காரம்மா நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. பெருமூச்சு விட்டாரோ என்னவோ, தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு கைப்பையைக் கழற்றி இடது தோளில் மாட்டிக்கொண்டார்.