விசில் சத்தம் எனக்குக் கேட்டது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதச் சாரலில், குற்றாலத்தில் நடந்தது இது. எங்கள் குடும்பத்திலும், தென்காசியில் நான் போய்வந்த யோகா வகுப்பிலும் எல்லோருக்கும் தெரிந்த சம்பவம்தான். ஆனால் அவர்கள் தெரிந்து வைத்திருப்பதில் ஒரு விஷயம் பொய். அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னபோது மறுக்காமல் இருந்துவிட்டேன்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வீடு மேலகரத்தில். ஓய்வுக்குப் பிறகு ரத்த அழுத்தத்துக்காக மூச்சுப் பயிற்சி பழகப் போய், அப்படியே தியானத்திலும் இறங்கினேன். வகுப்பில் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கண்மூடி இருக்கும்போது சத்தம் வந்தால், சத்தம் என்று மட்டும் அறிந்துகொண்டு விட்டுவிட வேண்டும். அதன் பின்னால் மனத்தை அனுப்பக் கூடாது. நல்ல பாடம்தான். மாணவன்தான் சரியில்லை. எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தேன் என்பதை வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வீட்டில் நான் உட்கார்ந்தால் யாரும் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது என்று சட்டம் போட்டேன். ஒருநாள் சிலிண்டர் வந்திருக்கிறது என்று சொல்ல என் மனைவி தோளைத் தொட்டுவிட்டாள். சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நிற்கும்போதே, "உனக்கு அறிவு இருக்கா?" என்று கத்தினேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு சமாளித்துக்கொண்டு சிரித்தாள். "சரி சாமியாரே, இனி வீடே தீப்பிடிச்சாலும் ஒங்களக் கூப்பிட மாட்டேன்" என்றாள். நானும் சிரித்தேன்.

சீசன் வந்துவிட்டால் காலையில் இருவரும் மொபெட்டில் குற்றாலம் போவோம். அவள் பெண்கள் பக்கம் குளிக்கப் போவாள். அருவித் தண்ணீர் ஆறாக ஓடும் வழியில் சற்றுக் கீழே ஒரு தட்டைப் பாறை உண்டு. கரையிலிருந்து கல்லுக்குக் கல் கால் வைத்துப் போகலாம். அங்கே உட்காரக் கூடாதுதான். ஆனால் அருவிச் சத்தத்தைக் கேட்டுத் தியானம் பண்ண அதைவிட நல்ல இடம் கிடையாது.

அன்றைக்குக் கீழே இளவெயில் அடித்தது. மலை உச்சியில் மட்டும் மேகம் கறுத்து இறங்கியிருந்தது. பத்மாசனம் போட்டுக் கண்ணை மூடினேன்.

இனி சொல்வதுதான் யாருக்கும் தெரியாதது.

கொஞ்ச நேரத்தில் அருவியின் சத்தம் கனத்தது. சத்தம் கனத்தால் தண்ணீர் கூடுகிறது என்று புரிந்துகொள்ள இயற்பியல் தேவையில்லை. எனக்கும் புரிந்தது. அந்தப் புரிதலையும் 'எண்ணம்' என்று ஒதுக்கித் தள்ளினேன். போலீஸ் விசில் கேட்டது. விடாமல் ஊதினார்கள். 'சத்தம்' என்று விட்டேன். ஆட்கள் ஓடுவதும் கத்துவதும் கேட்டது. கரையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, வாங்க! தண்ணி கூடுது!" அதையும் சத்தம் என்று விட்டேன். எதற்கும் அசையாமல் இருக்கிறேனே என்று உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிறகு அவள் குரல் நின்றது. சற்று நேரத்தில் என் முழங்காலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அவளுடைய ஈரச் சேலையிலிருந்து. அவள் கல் தாண்டி வந்து என் பக்கத்தில் நிற்கிறாள் என்று தெரிந்தது. "ஏங்க" என்றாள், மிக மெதுவாக. எத்தனை தடவை சொன்னாலும் இவளுக்குப் புரியாது, கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். நான் கண்ணைத் திறக்கவில்லை. அவளும் என்னைத் தொடவில்லை.

தொடையின் அடியில் சில்லென்று தண்ணீர் ஏறியபோதுதான் கண்ணைத் திறந்தேன்.

பாறையைச் சுற்றி எங்கும் செந்தண்ணீர். இலையும் சருகும் ஒடிந்த கிளைகளும் சுழன்று போயின. நாங்கள் கால் வைத்து வந்த கற்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. என் மேல்துண்டின் ஓரத்தை இறுகப் பிடித்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"ஏம்ளா என்னை எழுப்பலே?"

"கூப்பிட்டேன்லா."

"தொட்டு உலுக்க வேண்டியதுதானே!"

"அன்னைக்கு ஏசுனீங்கள்லா" என்றாள்.

எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டு கால்களும் மரத்துப்போயிருந்தன. அவள் என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். முட்டு வலிக்குத் தைலம் தேய்க்காமல் மாடிப்படி ஏற முடியாதவள் அவள்.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. "யோவ் பெருசு! விசில் ஊதுதது காதுல விழலியா?" என்று ஒரு போலீஸ்காரர் கத்தினார். பஜ்ஜிக் கடைக்காரர் தன் கடைப் படுதாவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். "அவுகள ஏசுததுக்கு அப்புறம் நேரம் இருக்கு சார், இந்த நுனியப் பிடிங்க!"

முதல் தடவை எறிந்த கயிற்றைத் தண்ணீர் இழுத்துப் போய்விட்டது. இரண்டாவது தடவை அவள் கையில் சிக்கியது.

"அம்மாவ மொதல்ல அனுப்புங்க!"

"அவங்களுக்குக் கால் மரத்துருக்கு, தனியா நிக்க மாட்டாங்க" என்று அவள் பதிலுக்குக் கத்தினாள். கயிற்றை என் இடுப்பில் கட்ட வந்தாள். நான் அதைப் பிடுங்கி அவள் இடுப்பில் கட்டினேன். போட்ட முடிச்சு சரிதானா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அவள் இறங்கினாள். இடுப்பளவுத் தண்ணீர். கரைக்குப் பாதி தூரம் போயிருப்பாள், கால் வழுக்கியது. தலை உள்ளே போய்விட்டது. சேலையின் பச்சை நிறம் ஒருமுறை மேலே வந்து மறைந்தது. கயிறு விறைத்து நின்றது. அதன் மறுமுனையில் அவள் இருக்கிறாளா, முடிச்சு அவிழ்ந்துவிட்டதா? கரையில் எல்லோரும் வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை நாள் பழகியும் கிடைக்காத நிசப்தம் அப்போது கிடைத்தது. அதுபோல ஒரு பயங்கரத்தை நான் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை.

இழுத்தார்கள். கரையோரத்தில் அவளுடைய நரைத்த தலை மேலே வந்தது. இருமினாள். அந்த இருமலைத்தான் என் காது மறுபடி கேட்ட முதல் சத்தம் என்று சொல்லலாம். பிறகு இரண்டு இளைஞர்கள் கயிற்றைப் பிடித்தபடி வந்து என்னைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் கரையேறிக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பாறை முழுக்க மறைந்துவிட்டது.

பஜ்ஜிக் கடை பெஞ்சில் இருவரையும் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். போலீஸ்காரர் மறுபடி ஏசத் தொடங்கினார். அதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "அவங்க தியானத்துல இருந்தாங்க சார். உட்கார்ந்தா ஒலகமே தெரியாது." போலீஸ்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. "அப்படியா! அண்ணாச்சி பெரிய ஆளு போல" என்றார். நான் டீயைக் குடித்தேன்.

பிள்ளைகள் போனில் அழுதார்கள். பிறகு அவர்களும், தியானத்தில் அப்பாவுக்கு எதுவும் கேட்கவில்லை என்றே எல்லோரிடமும் சொன்னார்கள். யோகா வகுப்பில் ஒருவர் எழுந்து, "வெள்ளம் வந்தும் கலையாத தியானம்" என்று பேசினார். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலோடு வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஆனால், எல்லாமே எனக்குக் கேட்டது என்று அங்கேயும் சொல்லவில்லை. இவ்வளவு நாளும் அவளிடமும் சொல்லவில்லை. நேற்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன்.

அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "எனக்குத் தெரியும்" என்றாள். "ரெண்டாவது தடவ கூப்பிட்டப்போ ஒங்க புருவம் சுருங்குச்சே."

தெரிந்துமா நின்றாய் என்று கேட்டேன். "ஒங்கள விட்டுட்டுப் போகவா? தொட்டாலும் கோவிச்சுக்கிடுவிய" என்றாள். குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் இப்போதும் காலையில் கண்மூடி உட்காருகிறேன். ஆனால் சமையலறை வாசலுக்குப் பக்கத்தில். அவள் காபியோடு வந்தால் கூப்பிட மாட்டாள், சற்றுத் தள்ளி நிற்பாள். கூப்பிடலாம், தொடலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். பழகிய பயம் போகவில்லை. டம்ளர் அவள் கையில் லேசாக அசையும் சத்தம் கேட்டதும் நானே கண்ணைத் திறந்துவிடுகிறேன். என்றாவது ஒருநாள் அவள் பயமில்லாமல் என் தோளைத் தொட்டு எழுப்பினால், அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் அந்தப் பாறையை விட்டுக் கரையேறியதாக அர்த்தம்.