கட்டு மாகாணம், றோட்டு மத்தி

குளக்கட்டின் அடியில் கசிந்த தண்ணீர் காலையில் தெளிவாக இருந்தது. மத்தியானம் கலங்கிவிட்டது. கலங்கினால் கட்டு உள்ளே கரைகிறது என்று அர்த்தம்.

முல்லைத்தீவுப் பக்கத்துக் குளம். அப்போது நான் மாகாண நீர்ப்பாசனத்தில் ரீ.ஓ., தொழில்நுட்ப உத்தியோகத்தர். குளமும் கட்டும் மாகாணத்தின் பொறுப்பு. கட்டின் மேல் ஓடும் தார் றோட்டு மட்டும் மத்திய அரசினுடையது. இந்தக் கூத்தை இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் நீங்கள் நம்பமாட்டீர்கள். குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வான்வழியே வழிந்து பாய்கிறது. மேலே கல் ஏற்றிய டிப்பர்கள் போகப் போகக் கட்டு அதிர்கிறது. கீழே குடியிருப்பு.

றோட்டை மூடச்சொல்லி மத்தியின் றோட்டு எஞ்சினியருக்குப் போன் எடுத்தேன்.

"மிஸ், நான் நினைச்சபடி மூட ஏலாது. கொழும்பில கேட்டிட்டுச் சொல்லுறன்."

எங்கள் எஞ்சினியர் அதற்கும் மேல். "பிள்ளை, கட்டைப் பாரும். றோட்டில கை வைச்சிடாதையும். எங்களிட்ட இருக்கிற அதிகாரமே கொஞ்சம், அதையும் பறிச்சுப்போடுவாங்கள்."

றோட்டுக்காரர் சொன்னால்தான் பொலிசும் மறிப்பார்களாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவர் ஹனீபா நானா ட்ரக்டரில் வந்து இறங்கினார். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து அவர் கட்டிய வீடு கட்டுக்கு நேர் கீழே.

"என்ன மிஸ், மூடுவினமாமோ?"

"இல்லை நானா. அனுமதி வேணுமாம்."

"மூடத்தானே அனுமதி வேணும்? ட்ரக்டர் பழுதாகிறதுக்கு ஆரிட்டக் கேக்கவேணும்?"

கட்டின் ஒரு முனையில் அவருடைய ட்ரக்டர் குறுக்கே நின்று 'பழுதானது'. மற்ற முனையில் மருமகனுடையது. டிப்பர்காரர் கத்தினார்கள். "ஸ்டார்ட் வருதில்லையடா தம்பி, நான் என்ன செய்ய?" என்று நானா அப்பாவியாக நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரார் கசிந்த இடத்தில் மணலும் கிரவல் கல்லும் கொட்டி, மண் மூட்டை அடுக்கினார்கள். பொழுதுபடத்தான் தண்ணீர் தெளிந்தது.

றோட்டு எஞ்சினியர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். "ஆரைக் கேட்டு மறிச்சனியள்? இது மத்தியின்ர றோட்டு!"

"றோட்டு உங்கடதான் சேர்," என்றார் நானா. "கட்டு உடைஞ்சிருந்தா வெள்ளம் மட்டும் எங்கட."

எஞ்சினியர் இறங்கிப் போய்க் கசிவைப் பார்த்தார்.

எந்த அதிகாரம் எங்கே முடிகிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. ஓய்வு பெறும்வரை ஒன்று மட்டும் செய்தேன். மாரி மழை தொடங்கமுதல் இரண்டு எஞ்சினியர்மாரையும் கூட்டிக்கொண்டுபோய் நானா வீட்டு முற்றத்தில் நிறுத்தி, அங்கிருந்து கட்டை அண்ணாந்து பார்க்க வைப்பேன்.